மழையை மறைத்து விற்கும் படகுகள்

தேவதானத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான் எல்லை. ஆனி பிறந்து ஆடி முடியும்வரை அந்த மலையின் உச்சி பெரும்பாலான நாட்களில் மேகத்துக்குள் இருக்கும். ஊருக்குள் வருவதோ காற்றும், எப்போதாவது முகத்தில் படும் சாரலும்தான். கொட்டுகிற மழை எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம். விருதுநகர் மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் சேர்த்துக் கிடைப்பது சுமார் 800 மில்லிமீட்டர். கேரளத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் மட்டுமே இயல்பாகப் பெய்வது சுமார் 2,000 மில்லிமீட்டர்.

அந்த மழைக்குள்தான் ராஜபாளையம், சேத்தூர், தேவதானம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து இளைஞர்கள் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். கொல்லம் எக்ஸ்பிரஸ் ராஜபாளையத்தில் நின்று போகிறது. 1904இல் போட்ட மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக்கும் வேலை முடிந்து, செங்கோட்டை – புனலூர் மலைப்பகுதியில் 2018இல் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியபின் ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போய்ச் சேருவது எளிதாகிவிட்டது. அங்கிருந்து ஆலப்புழை தொட்டுவிடும் தூரம். காலாண்டு விடுமுறையிலோ தீபாவளியை ஒட்டியோ, நாலைந்து பேர் காசைப் பங்கு போட்டு, ஒரு படகு வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டு வர வேண்டும் என்பது பலருடைய ஆசை.

போய்விட்டுத் திரும்புகிறவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: மழை எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. இதில் பாதிதான் உண்மை. அந்த மாதங்களில் மழை பெய்யும் என்பது படகு வைத்திருப்பவருக்குத் தெரியும், பாக்கேஜ் விற்கும் ஏஜென்டுக்கும் தெரியும். தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் முன்பணம் வாங்குவதுதான் பயணத்தைக் கெடுக்கிறது. கொடுத்த பணம் திரும்பாது என்ற நிலையோ அதைவிடப் பெரிய கேட்டைச் செய்கிறது. நீரில் இறக்கக்கூடாத நேரத்தில் படகை இறக்க வைக்கிறது.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். ஆலப்புழையில் ஓரிரவுப் படகு என்றால் பொதுவான வழக்கம் இது: பகல் 12 மணி வாக்கில் ஏற வேண்டும். படகு கொஞ்ச தூரம் போய், மதியச் சாப்பாட்டுக்கு ஏதோ ஒரு கரையில் நிற்கும். மாலை ஐந்தரை மணிக்குக் கட்டிப்போட்டுவிடுவார்கள். அதன் பிறகு காயலில் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். படகு வீடு ஓடினால் வலை அறுந்துபோகும். இந்த விதி மிக நியாயமானது, மீனவரின் பிழைப்பு அதில் இருக்கிறது. மறுநாள் காலைச் சாப்பாட்டோடு ஒரு சின்னச் சுற்று, ஒன்பது மணிக்கு இறங்கிவிட வேண்டும். ஆக ஓரிரவுப் பயணம் என்று விற்கப்படுவதில் படகு உண்மையில் ஓடுவது நாலரை, ஐந்து மணி நேரம். அதுவும் பெரும்பாலும் பிற்பகலில். அந்தப் பிற்பகலில் இரண்டு மணி நேரம் மழை அடித்தால் கொடுத்த பணத்தில் பாதி போய்விட்டது. இந்தக் கணக்கை முன்பதிவு செய்யும்போது யாரும் சொல்வதில்லை. இரவு முழுக்க நிலா வெளிச்சத்தில் காயலில் மிதந்துகொண்டே போகலாம் என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம்.

மழை வந்ததும் படகில் நடப்பது இது. முன்தளத்தில் போட்டிருந்த பிரம்பு நாற்காலிகளை உள்ளே இழுப்பார்கள். சுருட்டிக் கட்டியிருந்த தார்ப்பாய்த் திரைகளை உதவியாள் ஒவ்வொன்றாக அவிழ்த்து இறக்கிக் கீழே கயிற்றால் கட்டுவார். அத்தோடு காயல் மறைந்துவிடும். கூரையில் மழை விழும் சத்தமும், பின்பக்கம் ஓடும் ஜெனரேட்டரின் இரைச்சலும், டீசல் வாடையும் ஒன்றாக இருக்கும். முதுகுப் பைகளும் ஈரத் துண்டுகளும் ஒரே அறையில் குவியும். குறைந்த வாடகைப் படகுகளில் இரவு ஒன்பது மணிக்குத்தான் ஏசி போடுவார்கள். அதுவரை திரைக்குள் புழுக்கம். காயலைப் பார்க்க வந்தவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சமையல்காரர் கரிமீன் வறுத்துக் கொண்டுவந்து வைக்கும்போதுதான் முகங்களில் கொஞ்சம் வெளிச்சம் வரும்.

தமிழ்நாட்டு விடுமுறைகளையும் கேரளத்து மழையையும் ஒரே காலண்டரில் வைத்துப் பார்த்தால் இது தற்செயல் அல்ல என்று புரியும். ஜூன் முதல் நாளை ஒட்டி இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. ஆடி வரை நின்று பெய்யும். காலாண்டு விடுமுறையும் ஆயுதபூஜையும் தீபாவளியும் வரும் புரட்டாசி, ஐப்பசி வாக்கில் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை. அதன் குணம் வேறு. காலையில் வானம் சுத்தமாக இருக்கும், வெயிலும் காயும். பிற்பகலில் மலைப்பக்கமிருந்து கருத்துக்கொண்டு வந்து இடி மின்னலோடு கொட்டும். படகு வீடு காயலின் நடுவில் இருப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான். காலை வெயிலைப் பார்த்துவிட்டு நல்ல நாள் என்று பணம் கட்டுகிற வெளியூர்க்காரருக்கு இது தெரியாது. ஆலப்புழையை ஒட்டிய குட்டநாட்டில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இடி மின்னல் வெறும் ஏமாற்றத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. வேம்பநாட்டுக் காயல் இந்தியாவின் மிக நீளமான ஏரி. வாய்க்கால்களை விட்டு அகன்ற பகுதிக்குப் போனால் காற்றில் அலை எழும். 2002 ஜூலை 27 அன்று, பருவமழைக் காலத்தில், முகம்மாவிலிருந்து குமரகத்துக்கு வந்துகொண்டிருந்த அரசுப் படகு இதே காயலில் கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அரசு வேலைக்கான தேர்வு எழுதப் போனவர்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டு அடுக்குச் சுற்றுலாப் படகு சாய்ந்து 45 பேர் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். தேவதானத்துக்கும் சிவகிரிக்கும் மேற்கே உள்ள மலைத்தொடரில் பிறக்கும் பெரியாற்றைத் தடுத்து, 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டான ஏரி அது. 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில், இருட்டிய பிறகும் ஓட்டப்பட்ட உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், குழந்தைகள் பலர். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய படகு அது.

இந்த மூன்றையும் மழையின் தலையில் கட்ட முடியாது. கூட்டம், அவசரம், படகின் தகுதிக் குறைவு, கண்டுகொள்ளாத மேற்பார்வை என்றுதான் விசாரணைகள் போயின. ஆனால் மூன்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நின்றவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கெட்ட வானிலை நாளில் அந்தச் சொல் இன்னும் கடினமாகிவிடுகிறது, ஏனென்றால் பணம் ஏற்கெனவே கைமாறிவிட்டது. ஏறியவர், “காசு கொடுத்தாச்சு, எடுங்க” என்கிறார். படகு உரிமையாளருக்குத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் படகோட்டி. வானத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். முடிவெடுக்கும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை.

வியட்நாமின் ஹாலோங் விரிகுடாவில் 2025 ஜூலை 19 அன்று நடந்ததை இங்கே நினைவில் வைக்க வேண்டும். உலகெங்கிலுமிருந்து முதுகுப்பையோடு வருகிற இளைஞர்கள் படகில் இரவு தங்கத் தேடிப் போகும் இடம் அது. அன்று பிற்பகல் திடீரென்று எழுந்த புயல்காற்றில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 35க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் சொந்த நாட்டின் தலைநகரிலிருந்து குடும்பமாக வந்தவர்கள். சில நிமிடங்களில் வானம் இருண்டு, காற்று வந்து, எல்லாம் முடிந்துவிட்டது. துலாவர்ஷத்தின் பிற்பகலைப் பார்த்தவர்களுக்கு அந்த வேகம் புதிதாக இராது.

மலைக்கு இந்தப் பக்கத்து மக்களுக்கு இயற்கை சொல்லும் தடையை மதிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. குற்றாலத்தில் மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழத் தொடங்கினால் போலீசார் விசிலடித்து எல்லோரையும் வெளியே அனுப்புவார்கள். சண்டை போடாமல் தலையைத் துவட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துக்கொண்டு போனபின் அந்த விசிலுக்கு மரியாதை இன்னும் கூடியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் சதுரகிரிக்கு மழை எச்சரிக்கை நாளில் ஏற விடுவதில்லை. 2015 மே மாதம் மலையோடையில் வந்த வெள்ளத்தில் பக்தர்கள் இறந்ததை வத்திராயிருப்பில் யாரும் மறக்கவில்லை. கன்னியாகுமரியில் கடல் சீறினால் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் விவேகானந்தர் பாறைக்குப் படகை விடாது. கவுன்டர் திறக்காது, டிக்கெட்டும் கிடையாது. பணம் வாங்கிவிட்டு, “பார்க்கலாம், போய்க்கொண்டே இருப்போம்” என்று சொல்லும் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அதே மனிதர்கள்தான் ஆலப்புழையில் படகோட்டியிடம் மல்லுக்கு நிற்கிறார்கள். குற்றாலத்தில் அன்று இழப்பது ஒரு குளியல். ஆலப்புழையில் இழப்பது சேர்த்து வைத்த சில ஆயிரம் ரூபாய். மனிதர் மாறவில்லை, பணம் மாட்டிக்கொண்ட விதம்தான் மாறியிருக்கிறது. அதனால்தான் பணத்தைத் திருப்பித் தரும் விதியை வாடிக்கையாளருக்குச் செய்யும் சலுகையாகப் பார்க்கக்கூடாது. லைஃப் ஜாக்கெட்டைப் போல அதுவும் ஓர் உயிர்காப்பு ஏற்பாடு.

வானிலையைக் கணக்கில் எடுக்காமல் திட்டம் போடுவதில் தனியாரை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் சேவையை 2023 அக்டோபர் 14 அன்று கொடியசைத்துத் தொடங்கி வைத்தார்கள். வடகிழக்குப் பருவமழை கதவைத் தட்டும் மாதம் அது. நாகை மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள். சில நாட்களிலேயே சேவை நின்றது; மீண்டும் தொடங்க 2024 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டும் பருவமழை வந்ததும் நிறுத்தி, மழைக்காலம் முடிந்தபின்தான் தொடர்ந்தார்கள். இரண்டாவது முறை செய்தது சரியான முடிவு. முன்கூட்டியே சொல்லி நிறுத்துவதில் யாருக்கும் ஏமாற்றம் இல்லை.

படகு உரிமையாளர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடன் வாங்கிக் கட்டிய படகு. மழைக்காலத்தில் ஏற்கெனவே வாடகை இறங்கிவிடுகிறது. நாலு தூறலுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மூன்று மாதம் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாடே காலியானபோது, மக்களைக் கரை சேர்த்தவற்றில் இந்தப் படகு வீடுகளும் உண்டு. அந்த ஆண்டின் நஷ்டத்தைச் சுமந்தவர்களும் இவர்கள்தான். ஓணத்துக்கு முந்தைய மாதங்களில் வெளியூர்க்காரர் வருவது நின்றுவிட்டால் ஊரே பட்டினி கிடக்கும் என்ற அவர்களுடைய பயம் பொய்யல்ல.

அதற்காகத்தான் எந்த மழைக்குப் பணம் திரும்பும் என்ற அளவுகோல் வெளியிலிருந்து வர வேண்டும் என்பது. அது கையிலேயே இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக நிறம் சொல்லி எச்சரிக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டும் கனமழை என்றால் மஞ்சள், 115.6ஐத் தாண்டும் என்றால் ஆரஞ்சு, 204.4ஐயும் தாண்டும் என்றால் சிவப்பு. தூறலுக்கும் சாதாரண மழைக்கும் இந்த எச்சரிக்கை கிடையாது. அந்த நாட்களில் பயணம் உண்டு, பணம் திரும்பாது, அதில் தகராறுக்கு இடமில்லை. மஞ்சள் நாளில் படகு அகன்ற காயலுக்குப் போகாமல் வாய்க்கால்களிலேயே சுற்ற வேண்டும், வேண்டாம் என்பவருக்குத் தேதியை மாற்றித் தர வேண்டும். ஆரஞ்சு என்றால் படகு கட்டிய இடத்திலேயே நிற்க வேண்டும், தங்கினால் அறைக்கு மட்டும் வாடகை, தங்காவிட்டால் பணம் வாபஸ். சிவப்பு நாளில் ஏறவே விடக்கூடாது. எச்சரிக்கை நாட்களில் மாவட்ட நிர்வாகம் தலையிட்டுப் படகுகளை நிறுத்திய சந்தர்ப்பங்கள் உண்டு. அப்போதும் முன்பணம் என்ன ஆகும் என்பது அந்தந்த உரிமையாளரின் மனசைப் பொறுத்ததாகவே இருக்கிறது. அதை எழுத்தில் கொண்டுவந்துவிட்டால் படகோட்டியும் தைரியமாக மறுக்கலாம். படகு நிற்கும் நாளில் அவருடைய கூலி நிற்காது என்பதையும் அதே விதியில் சேர்க்க வேண்டும்.

1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021இல் உள்நாட்டு நீர்வழிக் கலங்களுக்கான புதிய மத்தியச் சட்டம் வந்தது. படகின் பதிவு, தகுதிச் சான்று, ஊழியர் தகுதி, உயிர்காப்புச் சாதனங்கள் என்று அது நிறையப் பேசுகிறது. அதன்கீழ் விதி வகுக்கும் மாநிலங்கள் வானிலை நிபந்தனையையும் சேர்ப்பது பெரிய காரியம் அல்ல. தமிழ்நாடும் தனக்கில்லை என்று ஒதுங்க முடியாது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உட்கார்ந்து ஆலப்புழை பாக்கேஜ் விற்பவர்கள் இங்கேதான் பணம் வாங்குகிறார்கள். ரசீதில் தமிழில் நாலு வரி வானிலை நிபந்தனை அச்சிட வேண்டும் என்று சொல்ல இங்குள்ள நிர்வாகத்தால் முடியும்.

வாடிக்கையாளருக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தேவதானத்துக்காரர் ஆலப்புழைக்கு அலைய வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. ஆனால் கையில் ரசீது இருக்க வேண்டும், என்ன சொல்லி விற்றார்கள் என்பது வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்க வேண்டும். படகுத்துறையில் கைப்பிடித்து இழுக்கும் தரகரிடம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வருபவருக்குச் சட்டம் உதவ முடியாது.

கையில் காசு குறைவு, மழைக்காலம் தவிர வேறு நாளில் விடுமுறை கிடைக்காது என்பவர்கள் என்ன செய்வது? மழையோடு போக வேண்டியதுதான், வேறு படகில். ஆலப்புழை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே கேரள அரசின் நீர்வழிப் போக்குவரத்துத் துறையின் படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து கோட்டயத்துக்குப் படகு உண்டு. இரண்டரை மணி நேரம் போல ஆகும், டீயும் பலகாரமும் சாப்பிடுகிற செலவில் போய்விடலாம். பள்ளிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவர்கள், அரிசி மூட்டையோடு ஏறும் பெண்கள் என்று குட்டநாடு தன் அன்றாட வாழ்க்கையோடு அதில் உட்கார்ந்திருக்கும். கடல் மட்டத்துக்குக் கீழே வரப்பு போட்டு நெல் விளைவிக்கும் வயல்களை, இரு பக்கமும் நீர் உயர்ந்து நிற்கும் நாளில் பார்க்கும்போதுதான் அந்த உழைப்பின் அளவு புரியும். அச்சன்கோவில் மலையில் பெய்தது பம்பையோடு கலந்து இங்கேதான் வந்து இறங்குகிறது. மலைக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்த மேகம் என்ன ஆகிறது என்பதைத் தேவதானத்துப் பிள்ளைகள் ஒருமுறையாவது நேரில் காண வேண்டும்.

படகு வீட்டில்தான் தங்குவேன் என்றாலும் தப்பில்லை. ஆஞ்சிலிப் பலகைகளை ஆணியே அடிக்காமல் தென்னங்கயிற்றால் பிணைத்துக் கட்டி, குட்டநாட்டு நெல்லையும் அரிசியையும் கொச்சிக்கு நனையாமல் கொண்டுபோன வள்ளங்களின் வழியில் வந்தவை இவை. மழை அவற்றுக்குப் புதிதல்ல. தை, மாசியில் போனால் வெயில். ஆடியில் போனால் மழை, ஆனால் பாதி வாடகை, கூட்டமும் இல்லை. எது வேண்டும் என்று தெரிந்து தேர்ந்தெடுப்பவருக்கு ஏமாற்றம் இருக்காது. தெரிந்து தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை விற்பவர் கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை ஆலப்புழைக்குப் போன் போடும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் நாலு கேள்விகளைக் கேளுங்கள். படகு எத்தனை மணி நேரம் ஓடும்? ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் என் பணம் என்ன ஆகும்? பதிவுச் சான்றும், ஏறும் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட்டும் இருக்கிறதா? இதையெல்லாம் எழுதித் தருவீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் முன்பணம் அனுப்பாதீர்கள். காற்றைப் பார்த்துப் படகோட்டி வேண்டாம் என்று சொன்னால், ஒரு வார்த்தை பேசாமல் கரையிலேயே இருந்துவிடுங்கள்.